தொட்டது எது? தொடு ஒவ்வாமையும் பேட்ச் டெஸ்டும்

தோலில் அரிப்பு என்றதும் நம் வீடுகளில் முதலில் மாட்டிக்கொள்வது கத்தரிக்காய்தான். அடுத்து கருவாடு, இறால், முட்டை. ஒரு மண்டலம் வாயைக் கட்டிப் பத்தியம் இருந்தும் அரிப்பு அடங்கவில்லை என்று தோல் டாக்டரிடம் வருகிறவர்கள் ஏராளம். ஒரே இடத்தில் தடித்து, சின்னச் சின்ன நீர்க் கொப்புளமாகி, காய்ந்து உரிந்து, ஆறியதுபோல் ஆறி மறுபடியும் அதே இடத்தில் கிளம்புகிறதா? அப்படியானால் காரணம் பெரும்பாலும் வயிற்றுக்குள் போன பொருள் அல்ல, தோலின்மேல் பட்ட பொருள். அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

தோலில் படுவது இரண்டு வகையில் கெடுதல் செய்யும். ஒன்று, நேரடி எரிச்சல். துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கும் தூள், பினாயில், ஆசிட் போன்றவை போதிய அளவில், போதிய நேரம் பட்டால் யார் கையையும் புண்ணாக்கும். தொட்டு வரும் தோல் கோளாறுகளில் இந்த வகைதான் அதிகம். இரண்டாவது ஒவ்வாமை. இதில் பொருள் அப்பாவி. ஊருக்கெல்லாம் ஒன்றும் செய்யாத பொருள் ஒருவருக்கு மட்டும் ஆகாமல் போகிறது, ஏனென்றால் அவருடைய உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரியாகக் குறித்து வைத்துக்கொண்டுவிட்டன. எரிச்சல் வகையில் காந்தல் முன்னால் நிற்கும், ஒவ்வாமையில் அரிப்பு முன்னால் நிற்கும். இரண்டும் ஒரே கையில் சேர்ந்தும் இருக்கலாம். சோப்புத் தண்ணீரில் வெடித்துக் கிடக்கும் தோல் வழியாக ஒவ்வாப் பொருள் சுலபமாக உள்ளே நுழைந்துவிடும்.

ஒவ்வாமையின் இரண்டு குணங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று, அது தாமதமாக வரும். தேனீ கொட்டினாலோ, ஒத்துக்கொள்ளாத மாத்திரை விழுங்கினாலோ நிமிடக் கணக்கில் தடிக்கும். தொடு ஒவ்வாமையில் டி-செல்கள் என்ற அணுக்கள் திரண்டு வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை அடித்த டைக்குச் செவ்வாய்க்கிழமை முகம் வீங்கும். நாமோ திங்கட்கிழமை சாப்பிட்ட மீன் குழம்பைத் திட்டிக்கொண்டிருப்போம். ஆகவே யோசிக்கும்போது “இன்று என்ன?” என்று கேட்காமல் மூன்று நாள் பின்னால் போய்த் தேடுங்கள்.

இரண்டாவது குணம் இன்னும் ஏமாற்றக்கூடியது. “பத்து வருஷமா இதைத்தான் போடறேன் டாக்டர், இதனால வருமா?” என்பது தோல் மருத்துவர்கள் தினமும் கேட்கும் கேள்வி. வரும். முதல் முறை பட்டவுடன் ஒவ்வாமை உண்டாவதில்லை. உடல் அந்தப் பொருளைக் குறித்து வைக்கக் குறைந்தது பத்து நாள் பிடிக்கும், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். ஒருமுறை குறித்துவிட்டால் அநேகமாக ஆயுளுக்கும் மறக்காது. புதிதாக வாங்கிய பொருளைச் சந்தேகிப்பது சரிதான், ஆனால் பழைய பொருளை விடுதலை செய்துவிடாதீர்கள்.

இடம் சொல்லும் சேதி

எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் துப்பு. காது மடல், கழுத்தைச் சுற்றி மாலைபோல், மணிக்கட்டு, தொப்புளுக்குக் கீழே ஜீன்ஸ் பட்டன் உரசும் இடம் ஆகியவற்றில் வந்தால் நிக்கல். கவரிங் நகை, மலிவான கைக்கடிகாரத்தின் பின்பக்கம், பெல்ட் பக்கிள், மூக்குக் கண்ணாடி ஃப்ரேம் எல்லாவற்றிலும் நிக்கல் இருக்கலாம். உலகெங்கும் பேட்ச் டெஸ்டில் அதிகம் பேருக்குப் பாசிட்டிவ் வருகிற உலோகம் இதுதான். பெண்களுக்கு அதிகம் வருவதற்குக் காரணம் காது குத்துவது. குத்திய புண் ஆறுவதற்கு முன்பே கவரிங் தோடு போட்டால், உடல் நிக்கலைக் குறித்து வைப்பதற்கு அதைவிட வசதியான வழி இல்லை.

நம் ஊரில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. தாலிச் சரட்டில் நாலைந்து ஊக்கு கோத்து வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். அவசரத்துக்கு உதவும் என்று மாட்டியது அங்கேயே தங்கிவிடும். வியர்வையில் ஊக்கின் முலாம் கரைந்து, மார்பின் நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்துத் தடித்த படை ஒன்று உட்கார்ந்திருக்கும். தங்கத்தாலிதானே, தங்கமா ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் விவாதம் நடக்கும். தாலி தங்கம், ஊக்கு தங்கம் இல்லை. ஊக்குகளைக் கழற்றி ஒன்றரை மாதம் பாருங்கள். 22 காரட் தங்கத்தில் பொதுவாகச் செம்பும் வெள்ளியும்தான் கலப்பார்கள், அதனால் நிக்கல் தொல்லை வருவது அபூர்வம். வெள்ளைத் தங்கம் வேறு கதை. அதில் நிக்கல் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு என்றாலும் அது இறுகப் பிணைந்திருப்பதால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு தருவதில்லை. எவர்சில்வர் தட்டில் சாப்பிடப் பயப்படவேண்டாம். கவரிங் கொக்கியில் நெயில் பாலிஷ் பூசிப் போடலாம் என்ற யோசனை ஒரு கல்யாணத்துக்குத் தாங்கும், தினசரி உபயோகத்துக்கு உதிர்ந்துவிடும்.

ஒரு பொருளில் நிக்கல் கசிகிறதா என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலையும் அம்மோனியாவையும் பஞ்சில் நனைத்து உலோகத்தில் அரை நிமிஷம் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு ரோஸ் நிறமாகும். தோல் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், நகையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் அரித்தால் குங்குமத்தின் சாயத்தையோ ஸ்டிக்கர் பொட்டின் பசையையோ சந்தேகிக்கலாம். ஸ்டிக்கர் பொட்டில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் நிறம் தரும் அணுக்களையே அழிக்கக்கூடியது. அரிப்பே இல்லாமல், பொட்டு அளவுக்கு வெள்ளையாகிவிடும். வெளுக்கத் தொடங்கியதும் அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டாக வைப்பவர்களைப் பார்க்கலாம். இதைவிட மோசமான வைத்தியம் கிடையாது.

பாதத்தின் மேல்பக்கம், ரப்பர் செருப்பின் வார் ஓடும் வழியிலேயே ‘V’ வடிவில் கறுத்திருந்தால் படித்துச் சொல்ல டாக்டரே தேவையில்லை. ரப்பரை உறுதியாக்கச் சேர்க்கும் மெர்காப்டோபென்சோதயசோல், தயுரம் முதலிய வேதிப்பொருள்கள்தான் காரணம். தோல் செருப்பு, ஷூ என்றால் குரோமியம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் பெருமளவு தோல் குரோமிய உப்பில்தான் பதனிடப்படுகிறது. குரோமியம் ஆகாதவர்கள் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் செருப்பையோ, பி.வி.சி. செருப்பையோ தேடலாம்.

பூண்டு உரிப்பவரின் கையில் துப்பு இன்னும் நுட்பமானது. வலது கையில் கத்தி பிடிப்பவருக்கு, பூண்டைப் பிடிக்கும் இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வெடித்து உரியும். மோதிர விரலும் சுண்டு விரலும் நன்றாக இருக்கும். அந்த மூன்று நுனிகளைப் பார்த்தாலே அனுபவப்பட்ட டாக்டர் “சமையல் மாஸ்டரா?” என்று கேட்டுவிடுவார்.

சில சமயம் இடமே ஏமாற்றும். நெயில் பாலிஷ் போடுவது விரலில், அரிப்பு வருவதோ இமையில். விரல் நகத்தோல் தடிமன், இமைத்தோல் மெல்லியது, கை அடிக்கடி கண்ணுக்குப் போகும். டை அடிப்பதும் அப்படியே. உச்சந்தலையில் பெரிதாக ஒன்றும் தெரியாது, நெற்றி ஓரமும் காதும் இமையும் வீங்கிவிடும்.

டை அடிப்பவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள்

கறுப்பு டையில் இருப்பது பாரா ஃபினைலீன்டயமின், சுருக்கமாக பி.பி.டி. இந்தப் புத்தகத்தில் சொல்லும் எல்லா ஒவ்வாப் பொருள்களிலும் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஏனென்றால் நிக்கல் படை தொல்லையோடு நிற்கும், பி.பி.டி. சிலருக்குக் கண்ணைத் திறக்க முடியாதபடி முகத்தை வீங்கவைத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும்.

கடையில் “ஹெர்பல்”, “ஹென்னா”, “அம்மோனியா இல்லாதது” என்று போட்டிருப்பதை நம்பி வாங்குகிறோம். அம்மோனியா இல்லை என்பதற்கும் பி.பி.டி. இல்லை என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அசல் மருதாணி ஆரஞ்சிலிருந்து பழுப்புச் சிவப்புவரைதான் தரும், அதற்கும் மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அரை மணியில் கருகருவென்று ஆக்குகிற “மருதாணிப் பொடி” எதுவானாலும் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் பி.பி.டி. இருக்கிறதா என்று பாருங்கள். திருவிழாவிலும் கல்யாணத்திலும் பிள்ளைகள் கையில் போடும் கறுப்பு மெஹந்தியிலும் இதைக் கலப்பதுண்டு. பத்து வயதில் கறுப்பு மெஹந்திக்குக் கை கொப்புளித்த பெண், முப்பது வருஷம் கழித்து முதல் நரைக்கு டை அடிக்கும்போது அதன் முழு வேகத்தையும் சந்திப்பாள். ஆகவே சின்ன வயதுக் கொப்புளத்தை மறக்காதீர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

டை பாக்கெட்டில் 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். இதுவரை ஒன்றும் வராதவர்களுக்கு அது சரி. ஒரு முறையாவது டைக்கு அரித்தவர் அதையும் செய்யக்கூடாது. சலூனில் வேலை செய்பவர்களுக்குக் கையில் வரும் கரப்பானுக்கும் பி.பி.டி.யே பெரிய காரணம். பி.பி.டி. ஆகாதவர்களில் சிலருக்கு, மரத்துப்போகப் பூசும் பென்சோகெய்ன், சில துணிச் சாயங்கள் ஆகியவையும் ஒத்துவராமல் போகும், வேதியமைப்பில் அவை பங்காளிகள்.

வேலையும் காடும் கொண்டுவருபவை

கொத்தனார், சித்தாள் கைகளில் வரும் கரப்பானில் இரண்டு எதிரிகள் சேர்ந்து நிற்கிறார்கள். ஈர சிமென்டின் காரம் தோலை அரிக்கிறது, அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமென்டில் கரையும் இந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதித்தது. இரும்பு சல்பேட்டைக் கலந்தால் குரோமியம் தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாறிவிடும், பெரிய செலவில்லை. இங்கே பூச்சு வேலை செய்பவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. துணிக் கையுறை பயன்படாது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நீளமான பிளாஸ்டிக் கையுறை போட்டு, வேலை முடிந்ததும் உடனே நல்ல தண்ணீரில் கழுவித் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். குரோமியத்துக்குப் பயந்து ரப்பர் கையுறைக்கு மாறி, ரப்பரும் ஒத்துவராமல் போனவர்கள் உண்டு.

விவசாயிகளுக்குப் பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட இந்தக் களை இன்று நம் ரயில் பாதை ஓரமெல்லாம் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. செடியைத் தொடவேண்டும் என்றில்லை, அதன் காய்ந்த துகள் காற்றில் வந்து பட்டாலே போதும். முகம், கழுத்து, முழங்கை மடிப்பு கறுத்துத் தடிக்கும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வருஷக்கணக்கில் குடை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். பிரித்தறிய ஒரு வழி: வெயில் படாத மேல் இமை, தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால் ஆகிய இடங்களை வெயில் ஒவ்வாமை விட்டுவிடும். காற்றில் வரும் துகள் அங்கேயும் நுழையும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கைகளைக் கறுக்கவைக்கும் ஓட்டுப் பால், சேராங்கொட்டைப் பால், மாங்காய்க் காம்பில் பீறிடும் பால் எல்லாம் ஒரே குடும்பம். வறுத்த முந்திரிப் பருப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கடைசியாக மருந்தே நோயாவது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மூன்று மருந்துக் கலவைக் கிரீம்கள், புண்ணுக்குப் போடும் நியோமைசின், நைட்ரோஃபியூரசோன் களிம்புகள் ஆகியவற்றுக்கே ஒவ்வாமை வரலாம். புண் ஆறவில்லை என்று மேலும் மேலும் பூசுவோம், பூசுவதால்தான் ஆறவில்லை என்று தோன்றாது. வாசனைக் கலவைகளும் ஈரத் துடைப்பான், ஷாம்பு முதலியவற்றில் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்பொருளும் இதே பட்டியலில் வரும்.

பேட்ச் டெஸ்ட்: முதுகில் ஒரு வாரம்

துப்பை வைத்து ஊகிக்கலாம், உறுதி செய்வது பேட்ச் டெஸ்ட். இங்கே ஒரு எச்சரிக்கை. “அலர்ஜி டெஸ்ட்” என்ற பெயரில் ரத்தம் எடுத்து, நூறு உணவுப் பொருளுக்கு ஐ.ஜி.ஈ. அளவு போட்டுத் தருவதும், கையில் ஊசியால் கீறி இருபது நிமிஷத்தில் பார்ப்பதும் வேறு வகை ஒவ்வாமைக்கானவை. தொடு ஒவ்வாமைக்கு அவை பதில் சொல்லாது. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

1895-இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் யோசெஃப் யாடாசோன் அறிமுகப்படுத்திய முறை இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. சந்தேகப் பொருளைச் சிறிய அளவில் தோலில் ஒட்டிவைத்து, அங்கே கரப்பான் வருகிறதா என்று பார்ப்பதுதான். வரிசையாக 8 மில்லிமீட்டர் அலுமினியக் கிண்ணங்கள் ஒட்டிய பிளாஸ்திரியில், வாசலினில் குழைத்த ஒவ்வாப் பொருள்களைப் பொட்டு அளவுக்கு வைப்பார்கள். நிக்கல் சல்பேட் என்றால் 5 சதவீதம், பி.பி.டி. என்றால் 1 சதவீதம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. நம் நாட்டில் அதிகம் காணப்படும் சுமார் இருபது பொருள்கள் கொண்ட இந்திய வரிசை ஒன்று இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் வெறும் வாசலின் மட்டும் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க. செருப்பு, அழகுப் பொருள், பார்த்தீனியம் என்று தேவைக்கேற்பத் தனி வரிசைகளும் சேர்ப்பார்கள்.

மேல் முதுகில் ஒட்டி, ஓரங்களில் மை பேனாவால் குறி போட்டு அனுப்பிவிடுவார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்து, பிளாஸ்திரி அழுந்திய சிவப்பு அடங்க அரை மணிக்கு மேல் உட்காரவைத்து முதல் பார்வை. அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்து இரண்டாம் பார்வை. இந்த இரண்டாம் பார்வைக்குத்தான் பலர் வராமல் விடுகிறார்கள், முடிவு தெரிவதோ அதில்தான். வெறும் எரிச்சல் என்றால் இரண்டாவது நாள் சிவந்தது நான்காவது நாள் மங்கும். ஒவ்வாமை என்றால் ஏறும். டாக்டர் கண்ணால் பார்ப்பதோடு விரலால் தடவியும் பார்ப்பார். சிவப்பு மட்டுமா, தொட்டால் தடிப்பு தெரிகிறதா, கொப்புளம் உண்டா என்பதைப் பொறுத்து ஒன்று, இரண்டு, மூன்று கூட்டல் குறி போடுவார். நியோமைசின், ஸ்டீராய்டு போன்றவை ஏழாவது நாள்தான் தலைகாட்டும், அதற்காக ஒரு நடை கூடுதலாகப் போகவேண்டி வரலாம்.

அந்த நாள்களில் முதுகு நனையக்கூடாது. உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம், தலைக்குக் குளிக்க முடியாது. வியர்த்து ஒழுகினால் பிளாஸ்திரி வழுகிவிடும், ஆகவே சித்திரை, வைகாசியைத் தவிர்த்து மார்கழி, தை மாதத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஜிம், பளு தூக்குவது, வயல் வேலை வேண்டாம். பழைய பருத்தித் துணி உடுத்துங்கள், மை கறை போகாது. அரித்தால் சொறியாதீர்கள். தாங்க முடியாமல் எரிந்தால் மட்டும் அந்த ஒரு பட்டையை எடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

போவதற்கு முன்பு சொல்லவேண்டியவை சில. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சென்ற மாதம் எங்காவது “ஒரே ஊசியில் அடங்கிடும்” என்று ஊசி போட்டார்களா? அதுவும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும், அதன் தாக்கத்தில் டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லட்டும். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தாலும், முதுகு வெயிலில் கறுத்திருந்தாலும் ஒத்திப்போட வேண்டும். உடம்பெங்கும் கரப்பான் பொங்கி நிற்கும்போதும் செய்வதில்லை. அப்போது முதுகு எதற்கெடுத்தாலும் சிவக்கும். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகத் தள்ளிப்போடுவார்கள்.

கையோடு உங்கள் பொருள்களையும் எடுத்துப் போங்கள். கிரீம், பவுடர், குங்குமம், பொட்டு அட்டை, பழைய செருப்பு எல்லாம் ஒரிஜினல் டப்பாவோடு. செருப்பின் வாரில் ஒரு துண்டு வெட்டி அப்படியே ஒட்டிப் பார்ப்பார்கள். சோப்பு, ஷாம்புகளைக் கரைத்துத்தான் வைக்கவேண்டும். துணி சோப்புத் தூளையோ பினாயிலையோ வீட்டில் நீங்களே பிளாஸ்திரி போட்டு ஒட்டிப் பார்த்தால் கிடைப்பது சோதனை முடிவு அல்ல, வெந்த புண்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான். தோலில் பூசிக் கழுவாமல் விடுகிற கிரீம், லோஷன் வகைகளை மட்டும் முழங்கை மடிப்புக்குக் கீழே, உள்பக்கம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் தடவிப் பார்க்கலாம். அரித்தால் அன்றே நிறுத்துங்கள். டைக்கும் செடிகளுக்கும் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

பாசிட்டிவ் வந்த பிறகு

கூட்டல் குறி வந்துவிட்டதாலேயே அதுதான் குற்றவாளி என்று ஆகாது. காலில் கரப்பான் உள்ள ஒருவருக்கு நிக்கல் பாசிட்டிவ் வரலாம், அது பழைய கவரிங் தோட்டின் நினைவாக இருக்கலாம், கால் கரப்பானுக்குக் காரணம் செருப்பாக இருக்கலாம். முடிவை உங்கள் வேலை, பழக்கம், கரப்பான் வந்த இடம் மூன்றோடும் பொருத்திப் பார்க்கிற டாக்டரிடம் அரை மணி நேரம் பேசுவது டெஸ்டைவிட முக்கியம் என்பேன். எல்லாம் நெகட்டிவ் என்றால் ஒவ்வாமையே இல்லை என்றும் அர்த்தமில்லை, உங்களுக்கு ஆகாத பொருள் அந்த வரிசையில் இல்லாமல் இருக்கலாம்.

ஆகாத பொருளின் பெயரையும் அதன் மாற்றுப் பெயர்களையும் டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் அப்படித்தான் அச்சடித்திருப்பார்கள். மருந்துக் கடை, அழகு நிலையம், பல் மருத்துவர், யாரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். பொருளை நிறுத்தினாலும் தோல் சீராக நான்கு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பத்து நாளில் குறையவில்லையே, இது காரணமில்லை போலிருக்கிறது என்று பழைய டப்பாவை மறுபடி திறந்துவிடாதீர்கள்.